முப்பது பேர் பட்டறையில் உங்கள் கதைக்குப் பத்து நிமிடம்

கேள்வி: கே.ஆர். புரத்தில் வசிக்கிறேன். வயது 34. ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. தாத்தா காலத்தில் தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு வந்த குடும்பம். பள்ளியில் தமிழ் இரண்டாம் மொழி, அதுவும் பத்தாவது வரைதான். நான்கு வருடத்தில் பதினொரு சிறுகதை எழுதியிருக்கிறேன். இரண்டு இணைய இதழ்களில் வந்தன. போன வருடம் எட்டு வார ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். யார் எதைப் படித்தாலும் எல்லோரும் 'அருமை' என்றார்கள். என் கதையில் ஒரு வரிகூட மாறவில்லை. இப்போது மூன்று வழி இருக்கிறது. ஒன்று, சனி ஞாயிறு இரண்டு நாள் சிறுகதைப் பட்டறை: 30 பேர், கட்டணம் 6,500 ரூபாய், கடைசியில் பங்கேற்பாளர்களின் கதைகளைத் தொகுப்பாகவும் போடுவார்களாம். இரண்டு, இந்திராநகரில் பத்து வாரம் நடக்கும் ஆங்கிலப் படைப்பெழுத்து வகுப்பு: 12 பேர், 18,000 ரூபாய். மூன்று, நூலகத்தில் பழக்கமான ஐந்து பேரும் நானும் சேர்ந்து நாங்களே கூடிப் படிப்பது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் பெங்களூர்த் தமிழ் கதைக்குள் வரலாமா, அல்லது அதைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். இரண்டு நாள் பட்டறை காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடியும் என்று வையுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரண்டு டீ இடைவேளைக்கு அரை மணி நேரம் கழித்தால் நாளுக்கு ஐந்தரை மணி. இரண்டு நாளுக்கும் சேர்த்து 660 நிமிடம். அதில் நான்கு உரைகள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி என்றால் 300 நிமிடம் போயிற்று. அறிமுகம், வாழ்த்துரை, சான்றிதழ், குழுப் புகைப்படம் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மிச்சம் 300. முப்பது பேருக்குப் பகிர்ந்தால் தலைக்குப் பத்து நிமிடம். உங்கள் கதை 2,000 சொல் என்றால் அதை வாய்விட்டுப் படிக்கவே இருபது நிமிடம் ஆகும். படித்து முடிப்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆங்கில வகுப்பையும் அதே கணக்கில் போடுங்கள். வாரம் இரண்டரை மணி நேரம் என்றால் பத்து வாரத்துக்கு 1,500 நிமிடம். பாதியை ஆசிரியர் பாடத்துக்கு எடுத்துக்கொண்டாலும் 750 மிஞ்சும். பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். எந்த வகுப்பையும் நான் எடைபோடச் சொல்வது இப்படித்தான்: என் பக்கங்களை எத்தனை பேர், எத்தனை நிமிடம், முன்கூட்டியே படித்துவிட்டு வந்து பேசுவார்கள்? யார் நடத்துகிறார், அவர் எத்தனை விருது வாங்கியவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு பட்டறை உங்களுக்குக் கதை கொடுக்காது. கண், காது, நினைவு, சொல் எதையும் தராது. அதனால் ஆகக்கூடியது ஒன்றுதான்: நீங்கள் எழுதிய பக்கத்தில் வாசகர் எங்கே நின்றார், எங்கே தடுக்கினார், எங்கே தூங்கினார் என்பதை, அந்தப் பக்கத்தை எழுதிய உங்களாலேயே பார்க்க முடியாததை, பார்க்க வைப்பது. அதை நான்கைந்து முறை பார்த்துவிட்டால் அடுத்த கதையில் அந்த இடம் வரும்போது உங்கள் கை தானாக நிற்கும். பட்டறையின் பயன் அவ்வளவும் அதற்குள் அடக்கம். உங்கள் ஆன்லைன் வகுப்பு பயனில்லாமல் போனதும் இதனால்தான். 'அருமை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த வரியைத் திருத்துவது?

ஆகவே என் பதில் மூன்றாவது வழி. ஆறு பேர் கொண்ட உங்கள் குழு. ஆனால் விதிகள் இல்லாத குழு மூன்றாவது மாதத்தில் டீ குடிக்கும் குழுவாகிவிடும்; அது பெங்களூரில் ஐந்தாவது வாரத்திலேயே நடக்கும். எனவே விதிகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆறு பேர் நல்ல எண்ணிக்கை. நான்குக்குக் கீழே போனால் ஒருவர் ஊருக்குப் போய்விட்டாலே கூட்டம் சாயும். எட்டுக்கு மேலே போனால் உங்கள் முறை வருவதற்குள் அந்தக் கதைமீது உங்களுக்கே ஆர்வம் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரண்டரை மணி நேரம், ஒரு அமர்வுக்கு இரண்டு கதை. ஒவ்வொருவருக்கும் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வரும். ஆறு மாதத்தில் நான்கு முறை உங்கள் கதை மேசைக்கு வந்துவிடும். மாலை வேளை வேண்டாம். ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர், எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒருவர் என்று சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டு வந்து சேரும்போது படிக்கும் மனநிலை இருக்காது. ஞாயிறு காலை பத்து மணி, ஊதா வழித்தட மெட்ரோவுக்கு அருகே. அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் கூடத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அங்கே நூலகமும் இருப்பதால் பேச்சில் ஒரு கதை வந்தால் எழுந்துபோய் எடுத்து வரலாம். கப்பன் பூங்கா புல்வெளி அழகுதான், மௌனமாகப் படிக்க ஏற்றது. ஆனால் வாய்விட்டுப் படிக்கும் குரலைத் திறந்த வெளி தின்றுவிடும்.

கைப்பிரதியை ஐந்து நாள் முன்னதாக, அதாவது செவ்வாய் இரவுக்குள் அனுப்ப வேண்டும். பிந்தினால் அந்த முறை போய்விடும், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். இதில் இரக்கம் காட்டினால் குழு உடையும். கதையின் அளவு 1,800 தமிழ்ச் சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலப் பட்டறைகளின் சொல் கணக்கை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். 'வந்துகொண்டிருந்தவளிடமிருந்து' என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் ஆறு. அவர்களுடைய இரண்டாயிரத்தைவிட நம்முடைய இரண்டாயிரம் நீளமான கதை.

யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பு, 12 புள்ளி எழுத்து, வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி, ஏ4 தாள். பக்கத்துக்குச் சுமார் 250 சொல் வரும். பக்க எண்ணோடு வரி எண்ணும் போடுங்கள்; வேர்டு, லிப்ரே ஆஃபீஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் அந்த வசதி இருக்கிறது. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 'அந்த மழை வருமே, அதுக்கு அப்புறம் ஒரு இடத்துல...' என்று எல்லோரும் தாளைப் புரட்டித் தேடும் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் அமர்வுக்கு இருபது நிமிடம் மிச்சமாகும். '64-ஆம் வரி' என்றால் எல்லோர் விரலும் ஒரே இடத்துக்குப் போகும்.

படிக்கிறவர் இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை கையில் பேனா இல்லாமல், ஒரே மூச்சில், ஒரு வாசகராக. ஒருநாள் கழித்து இரண்டாவது முறை, பேனாவோடு. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழைகளைத் தாளிலேயே குறித்துக் கொடுத்துவிட வேண்டும், அமர்வில் வாய் திறக்கக் கூடாது. தமிழ்க் குழுக்களில் நேரத்தைக் கொல்லும் முதல் எதிரி 'இங்கே வலி மிகுமா மிகாதா' என்ற விவாதம். சந்தி முக்கியம்தான், ஆனால் அதைத் திருத்தக் கதையின் ஐந்தாவது வரைவு இருக்கிறது. நாளைக்கு வெட்டப்போகும் பத்திக்கு இன்றைக்கு ஒற்றுப் போட்டு என்ன பயன்?

இனி அமர்வு. ஒரு கதைக்கு 55 நிமிடம். குழுவில் ஒருவர் நெறியாளர். முறை வைத்து மாறி மாறி வரலாம். அவர் கையில் கடிகாரம்.

முதல் பக்கத்தை மட்டும், எழுதியவர் அல்லாத வேறொருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். மூன்று நிமிடம். எழுதியவர் படித்தால் தாளில் இல்லாத ஏற்ற இறக்கத்தையெல்லாம் தன் குரலில் சேர்த்துவிடுவார். வேறொருவர் படிக்கும்போது நாக்கு எங்கே சிக்குகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை. எழுதியவர் காதால் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

பிறகு ஐந்து நிமிட மௌனம். 'இது யாருக்கு என்ன நடந்த கதை?' என்பதை ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் சீட்டில் எழுதி எழுதியவரிடம் கொடுக்க வேண்டும். பேசுவதற்கு முன்பே எழுதுவது அவசியம். முதலில் பேசுகிறவரின் கருத்துக்கு மற்றவர்கள் தலையாட்டுவது மனித இயல்பு. ஐந்து சீட்டும் ஐந்து வேறு கதையைச் சொன்னால், அந்தச் சீட்டுகளைவிடப் பெரிய விமர்சனம் உங்களுக்கு அன்றைக்குக் கிடைக்கப்போவதில்லை.

அடுத்த நான்கு கட்டங்கள் அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த முறையைத் தழுவியவை. நடனத்துக்காக உண்டாக்கியது, எழுத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. முதலில், கதையில் மனதில் தங்கியது எது என்று எல்லோரும் சொல்வது, பத்து நிமிடம். 'அருமை' கூடாது, 'சைக்கிள் செயின் கழலும் இடம்' என்று சொல்ல வேண்டும். அடுத்து எழுதியவர் கேள்வி கேட்பது, பத்து நிமிடம். 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். 'தங்கச்சிக்கு விஷயம் முன்பே தெரியும் என்று எந்த வரியில் கண்டுபிடித்தீர்கள்?' என்று கேட்டால் பயன் உண்டு. மூன்றாவது, மற்றவர்கள் எழுதியவரிடம் கேட்பது, அதற்கும் பத்து நிமிடம். கேள்விக்குள் கருத்தை ஒளித்துவைக்கக் கூடாது. 'அம்மா ஏன் இவ்வளவு கொடுமைக்காரியாக இருக்கிறாள்?' என்பது கேள்வி வேடத்தில் வந்த தீர்ப்பு. 'அம்மா கடிதத்தை எரிக்கும்போது கதைசொல்லி எங்கே நிற்கிறாள்?' என்பது கேள்வி. இரண்டாவதற்குப் பதில் யோசிக்கும்போதே எழுதியவருக்குத் தன் ஓட்டை தெரிந்துவிடும். கடைசியாகக் கருத்து: 'முடிவைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?' என்று அனுமதி கேட்டுவிட்டுச் சொல்வது. பதினைந்து நிமிடம். மிச்சம் இரண்டு நிமிடத்தில் எழுதியவர் நன்றி சொல்லித் தாள்களை வாங்கிக்கொள்ளலாம்.

உலகெங்கும் பரவிய பட்டறை முறைக்கு மூலம் 1936-இல் தொடங்கிய அயோவா எழுத்தாளர் பட்டறை. அந்த மரபில் எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. அதற்கு நியாயம் உண்டு: அச்சில் வந்த கதையோடு கூடவே போய் நீங்கள் விளக்கம் சொல்ல முடியாது. ஆனால் தமிழ்க் குழுவுக்கு அந்த விதியை அப்படியே வைக்க நான் விரும்பவில்லை. ஒரே மேசையில் தர்மபுரிக்காரர், நாகர்கோவில்காரர், தஞ்சாவூர்க்காரர், சிவாஜி நகரிலேயே பிறந்தவர் எல்லோரும் இருப்பார்கள். ஒருவர் வீட்டுச் சடங்கு, சோறு, வசவு, சாதி அனுபவம் இன்னொருவருக்குத் தெரியாது. 'இப்படியெல்லாம் நடக்காதே' என்று தெரியாதவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போக, தெரிந்தவர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அநியாயம். அதனால்தான் கேள்வி கேட்கும் கட்டத்தை நடுவில் வைக்கச் சொல்கிறேன். தெரியாததைக் கேளுங்கள், மறுக்காதீர்கள்.

குறைகளைச் சொல்வதற்கு எல்லோருக்கும் பொதுவான சொற்கள் வேண்டும். இல்லாவிட்டால் 'ஏதோ ஒட்டலை' என்பதற்கு மேல் பேச்சு நகராது. இதற்கு ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்கு வரும் குற்றங்கள் பத்து என்று அடுக்கியிருக்கிறார். அவரை ஆதரித்த சீயகங்கன் கங்கர் குலத்தவன். கங்கர்கள் கோலாரைத் தங்கள் ஊராகச் சொல்லிக்கொண்டவர்கள். கே.ஆர். புரத்திலிருந்து பழைய மெட்ராஸ் ரோட்டில் நேராகப் போனால் வரும் அதே கோலார். இலக்கண நூலுக்குச் சொன்னது சிறுகதைக்கும் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது.

'சென்று தேய்ந்து இறுதல்': எடுப்பாகத் தொடங்கிப் போகப்போகத் தேய்வது. புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளில் பாதிக்கு இதுதான் நோய். முதல் பக்கத்தை இருபது முறை திருத்தியிருப்பார்கள், கடைசிப் பக்கத்தை ஒருமுறைகூடத் திருத்தியிருக்க மாட்டார்கள். மருந்து எளிது: அடுத்த முறை திருத்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 'மயங்க வைத்தல்': இன்ன பொருள் என்று தெரியாமல் எழுதுவது. ஒரு காட்சியில் இரண்டு ஆண்கள் இருந்து இருவரும் 'அவன்' என்றால் மூன்றாவது வரியில் வாசகர் தொலைந்துவிடுவார். 'மாறுகொளக் கூறல்': முதல் பக்கத்தில் தரைத்தள வீடு, ஐந்தாம் பக்கத்தில் படி இறங்கி வருகிறாள். 'மற்றொன்று விரித்தல்': அல்சூர் வீட்டைப் பற்றிய கதையில் பேருந்துப் பயணம் ஒன்றரைப் பக்கம். 'வெற்றெனத் தொடுத்தல்': பொருளில்லாத சொற்களைக் கோத்துக்கொண்டே போவது, 'இனம்புரியாத ஏதோ ஒரு சோகம் மனதைக் கவ்வியது' என்ற வகையைச் சேர்ந்த வாக்கியம் எல்லாம் இதில் அடங்கும். 'கூறியது கூறல்', 'மிகைபடக் கூறல்' இரண்டுக்கும் விளக்கம் வேண்டாம். 'குன்றக் கூறல்' மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. சொல்லாமல் விடுவது கலை என்று கேள்விப்பட்டுச் சிலர் வாசகருக்கு வேண்டிய தகவலையே மறைத்துவிடுகிறார்கள். கதாபாத்திரத்துக்குத் தெரிந்ததை வாசகரிடமிருந்து ஒளித்துவைத்துக் கடைசி வரியில் வெளியிடுவது நுட்பமான வேலை அல்ல, குன்றக் கூறல். மிச்சம் இரண்டையும் நூலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதி மேசை நடுவில் வைத்தால், 'மூன்றாம் பக்கத்தில் மற்றொன்று விரித்தல்' என்று ஒருவர் சொன்னதும் அதற்குப் பிறகு யாரும் ஐந்து நிமிடம் விளக்க வேண்டியிருக்காது.

குழு எப்படிக் கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகம் படித்த ஒருவர் மெல்ல ஆசிரியராகிவிடுவார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். நெறியாளர் அவரை எப்போதும் கடைசியாகப் பேசச் சொல்ல வேண்டும். இன்னொருவர் உங்கள் கதையைத் தன் கதையாக எழுதிக் காட்டுவார்: 'நானா இருந்தா அந்தப் பையன் செத்துப்போற மாதிரி முடிச்சிருப்பேன்.' இதை ஒரேயடியாகத் தடை செய்யுங்கள். வேறு சிலர் கதையை விட்டுவிட்டுக் கதையில் வரும் பிரச்சினையைப் பேசுவார்கள். கள்ளக்குறிச்சி, காவிரி, வரதட்சணை என்று நாற்பது நிமிடம் ஓடிவிடும். அவையடக்கமும் வேண்டாம். பழம்புலவர்களுக்கு அது அழகு. இங்கே 'நேரமே இல்லை, அவசரத்துல எழுதினது' என்ற முன்னுரை கேட்பவர்களின் வாயைக் கட்டிவிடும். நாவலின் மூன்றாம் அத்தியாயத்தைத் தனியாகக் கொண்டுவந்தால் யாராலும் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. நாவல் எழுதுகிறவர் முழு வரைவை முடித்தபின் இருவரிடம் மட்டும் முழுதாகக் கொடுப்பது நல்லது. ஆறாவது மாதத்தில் வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது: ஆறு பேர் கதையும் ஒரே மாதிரி ஆகிவிடும். யாரும் குறைசொல்ல முடியாத, யாருக்கும் நினைவில் நிற்காத கதைகள். அப்படித் தெரிந்தால் இரண்டு மாதம் கைப்பிரதிகளை நிறுத்திவிட்டு, அச்சில் வந்த நல்ல கதைகளை மட்டும் இதே முறையில் பிரித்துப் படியுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கதையைப் பற்றிப் பேசாதீர்கள். தேதி, இடம் சொல்ல மட்டும் அது போதும்.

அமர்வு முடிந்து வீட்டுக்கு வந்ததும் திருத்த உட்கார வேண்டாம். ஒரு வாரம் பொறுங்கள். நன்னூல் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது கடைசித் தரத்தில் ஒருவரைப் பன்னாடைக்கு ஒப்பிடுகிறது: நெய்யை வழியவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. காயப்பட்ட மனம் அன்றைக்கு இரவு அதைத்தான் செய்யும். நான்கு பேர் சொன்ன நல்ல விஷயம் வழிந்துவிட, ஒருவர் சிரித்தது மட்டும் தங்கிவிடும். வாரம் கழித்துத் தாள்களை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். 'இந்த வரியில் தடுக்கினேன்' என்று வாசகர் சொன்னால் அதை முழுதாக நம்புங்கள். தடுக்கியது அவர் கால். 'ஏன் தடுக்கினேன் என்றால்...' என்று அவர் சொல்லும் காரணத்தைப் பாதி நம்புங்கள். 'இப்படி மாற்றினால் சரியாகும்' என்பதை அநேகமாக ஒதுக்கிவிடலாம். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் கோளாறு உறுதி. ஆனால் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கடைசிப் பக்கத்து அழுகை பொய்யாகத் தெரிந்தால், இரண்டாம் பக்கத்தில் அந்த மனிதரை நமக்குக் காட்டாமல் விட்டிருப்பீர்கள். கடைசிப் பக்கத்தை எத்தனை முறை திருத்தினாலும் அது சரியாகாது.

ஒரு அமர்வுக்கு 55-ம் 55-ம் போக நாற்பது நிமிடம் மிஞ்சும். பதினைந்து டீக்கு. இருபத்தைந்தில் ஒரு பயிற்சி. எல்லோரும் தங்கள் பழைய கதை ஒன்றிலிருந்து 300 சொல் எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிகழ்ச்சி எதுவும் விடுபடாமல் 150 ஆக்குங்கள். எழுதப் பத்து நிமிடம். பிறகு இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். எது போயிற்று என்பதைவிட, எதைப் போகவிட மனம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதுதான் உங்கள் நடை. இன்னொரு நாள் ஒரே காட்சியை 'அவன் வந்தான்' என்று ஒரு முறையும் 'அவர் வந்தார்' என்று ஒரு முறையும் எழுதிப் பாருங்கள். தமிழில் இந்த விகுதி வெறும் மரியாதை அல்ல. கதைசொல்லி அந்த மனிதருக்கு எவ்வளவு தள்ளி, எவ்வளவு கீழே அல்லது மேலே நிற்கிறார் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். முதலாளிக்கு 'ஆர்', வேலைக்காரிக்கு 'ஆள்' என்று கை தானாக எழுதியிருந்தால் அது கதைசொல்லியின் பார்வையா, உங்களுடையதா என்று குழுவில் கேளுங்கள். எந்த ஆங்கில வகுப்பிலும் இந்தக் கேள்வி வராது.

அதனால் ஆங்கில வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பெங்களூரில் தமிழைவிட ஆங்கிலத்தில்தான் இத்தகைய வகுப்புகள் அதிகம், நன்றாக நடப்பவையும் உண்டு. காட்சியை எங்கே வெட்டுவது, காலத்தை எப்படி முன்பின் நகர்த்துவது, யார் கண்வழியே சொல்வது போன்றவை எந்த மொழியில் கற்றாலும் உதவும். குழு ஆறு மாதம் ஓடியபின், 18,000 ரூபாய் உங்கள் குடும்பத்துக்குப் பாரமில்லை என்றால் சேருங்கள். ஆனால் தமிழ்க் கதையை மொழிபெயர்த்து அங்கே கொண்டுபோகாதீர்கள். பேச்சு வழக்கெல்லாம் உதிர்ந்து எலும்பு மட்டும்தான் மேசைக்கு வரும், அதற்குக் கிடைக்கும் விமர்சனம் உங்கள் மொழிபெயர்ப்புக்கானது. அங்கே ஆங்கிலத்திலேயே புதிதாக ஏதாவது எழுதுங்கள், தமிழ் வீட்டில் இருக்கட்டும்.

இரண்டு நாள் பட்டறைக்குப் போயே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். என் கதையை நடத்துபவர் முன்பே படிப்பாரா? எழுத்தில் குறிப்புத் தருவாரா? எத்தனை பேரின் கதை மேசைக்கு வரும்? வர முடியாமல் போனால் பணம் திரும்புமா? சான்றிதழ் உண்டு என்பதை முதலில் சொல்கிற பட்டறையைத் தள்ளிவிடலாம். எந்த இதழாசிரியரும் அதைக் கேட்பதில்லை.

தொகுப்பு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பங்கேற்ற எல்லோர் கதையும் வரும் என்றால் அங்கே தேர்வு இல்லை. தேர்வில்லாத தொகுப்பில் வந்த கதை உங்களுக்குப் பெயர் தராது. ஆனால் அது வெளிவந்த கதையாகிவிடும், வெளிவராத கதை மட்டும் கேட்கும் போட்டிக்கோ இதழுக்கோ பிறகு அனுப்ப முடியாது. இத்தனை பிரதி வாங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அது பதிப்பு அல்ல, விற்பனை. கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்ய வேண்டிய அவசியமில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, எழுத்தில் கையொப்பத்தோடு இல்லாமல் அந்த உரிமை கைமாறாது. கைமாற்றும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'எல்லா உரிமையும், எக்காலத்துக்கும்' என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, 'இந்தத் தொகுப்பில் ஒருமுறை வெளியிட மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் கதையைக் கொடுக்காதீர்கள்.

அந்த 6,500 ரூபாயை வேறு விதமாகவும் செலவழிக்கலாம். ஆறு பேர் போட்டால் 39,000. குழு ஆறு மாதம் நடந்து ஆளுக்கொரு கதை நான்காவது வரைவுக்கு வந்ததும், நீங்கள் மதிக்கும் ஒரு எழுத்தாளரையோ பதிப்பாசிரியரையோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அழையுங்கள். ஆறு கதையையும் மூன்று வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். மொத்தம் பத்தாயிரம் சொல்லுக்குச் சற்று மேலே. யாராலும் படிக்க முடிகிற அளவு. ரயில் கட்டணம், தங்குமிடம் தனி. படிப்பதற்கான ஊதியத்தை முன்கூட்டிப் பேசி, நாளன்றே கொடுத்துவிடுங்கள். பொன்னாடை வேண்டாம். ஆளுக்கு ஒரு மணி நேரம் உங்கள் கதையைப் பற்றி மட்டும் அவர் பேசுவார். அதே பணம், பத்து நிமிடத்துக்குப் பதில் அறுபது.

இனி உங்கள் தமிழ். 'கொஞ்சம்' என்பதற்குக் கன்னடச் சொல்லைப் போட்டு 'சொல்ப தள்ளி உக்காரு' என்று உங்கள் வீட்டுப் பாட்டி சொல்வாள் என்றால் கதையிலும் அவள் அப்படித்தான் சொல்ல வேண்டும். பெங்களூரில் வளர்ந்து எழுதுகிறவர்கள் பலர் தங்கள் பாத்திரங்களைச் சென்னைத் தமிழ் பேச வைத்துவிடுகிறார்கள், சினிமாவில் கேட்டது அதுதான் என்பதால். மர்ஃபி டவுனில் இருக்கும் ஆட்டோக்காரர் வாயில் ராயபுரம் கேட்கும். அதுதான் அசுத்தம். கன்னடம் கலந்த பேச்சுக்கு அடிக்குறிப்பு போடாதீர்கள், மேற்கோள் குறிக்குள் வைத்து மன்னிப்பும் கேட்காதீர்கள். தெரியாத சொல்லின் பொருளைப் பக்கத்து வரி உணர்த்தினால் போதும். ஆனால் ஒரு எல்லை உண்டு. பேச்சில் வருவதை எல்லாம் ஒலிப்படி எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். ஒரு பாத்திரத்துக்கு மூன்று நான்கு அடையாளச் சொல், ஒரு வாக்கிய முடிப்பு, இவை மாறாமல் வந்தாலே குரல் நின்றுவிடும். கதைசொல்லியின் மொழி எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பதை முதல் பத்தியிலேயே முடிவு செய்து கடைசிவரை காப்பாற்றுங்கள். 'சென்றாள்' என்று தொடங்கிய கதைசொல்லி நான்காம் பக்கத்தில் 'போனா' என்றால் அதற்குக் கதைக்குள் காரணம் இருக்க வேண்டும்.

பத்தாவது வரைதான் தமிழ் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம். தினம் அரை மணி நேரம் அச்சுத் தமிழை வாய்விட்டுப் படியுங்கள், செய்தித்தாள் அல்ல, நல்ல உரைநடை. ஆறு மாதத்தில் வாக்கியம் தானாக நீளும், மடியும், முடியும்.

முதல் அமர்வுக்கு உங்கள் பதினொன்றில் எதைக் கொண்டுபோவது என்று யோசிப்பீர்கள். வெளிவந்த இரண்டையும் எடுக்காதீர்கள். அவற்றுக்குப் பாராட்டுத்தான் வரும். உங்களுக்கு மிகப் பிடித்ததும் வேண்டாம், முதல் நாளே மனம் தாங்காது. நடுவில் நின்றுபோய், ஏன் நின்றது என்று உங்களுக்கே புரியாத கதை ஒன்று நிச்சயம் இருக்கும். அதை வரி எண் போட்டு செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள்.